லூர்துக்கனி வீட்டு ஃப்ரிட்ஜில் பெய்த மழை

மாசி மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு, எங்கள் காலனியின் மூன்றாம் வரிசைக் கடைசி வீட்டில், லூர்துக்கனியின் ஃப்ரிட்ஜுக்குள் மழை பெய்தது. அன்றைக்கு அதை மழை என்று யாரும் சொல்லவில்லை. அடுக்களைத் தரையில் தண்ணீர் நிற்கிறது, காய்கறி டப்பாவில் முருங்கைக்காய் மிதக்கிறது, ஃப்ரிட்ஜ் ஒழுகுகிறது என்றுதான் அவள் சொன்னாள், நாங்களும் அப்படித்தான் கேட்டுக்கொண்டோம். ஒழுகாத வீடு எங்கள் காலனியில் எது இருந்தது, அதிசயப்பட?

தூத்துக்குடிக்குத் தெற்கே, மூன்று பக்கம் உப்பளமும் ஒரு பக்கம் உடைமரக் காடுமாக அறுபது வீடுகள். தை மாதம் பாத்தி கட்டி, கடல் தண்ணீரைப் பாய்ச்சி, வெயில் குடித்தது போக மிச்சம் கிடக்கும் உப்பைப் பலகையால் வாரி வரப்பில் குவித்து, அங்கிருந்து தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரம் போடுவதுதான் எங்கள் பிழைப்பு. ஊர் உலகமெல்லாம் மழை வேண்டும் என்று மெழுகுவர்த்தி கொளுத்தும்போது நாங்கள் வேண்டாம் என்று கொளுத்துவோம். ஐப்பசி, கார்த்திகையில் பெய்துகொள்ளட்டும், அப்போது எங்களுக்கு வேலை கிடையாது. ஆனால் மாசியிலோ சித்திரையிலோ சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மழை வந்தால் பாத்தியில் விளைந்து கிடக்கும் உப்பு அரைமணி நேரத்தில் கரைந்து போகும், பதினைந்து நாள் வேலை தண்ணீராய்ப் போகும். பங்குச் சாமியாருக்கு யார் பக்கம் செபிப்பது என்று தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக, ஆண்டவர் சித்தம்போல் ஆகட்டும் என்று முடித்துவிடுவார்.

அப்போது காலனியில் அந்த ஃப்ரிட்ஜ் ஒன்றுதான். வான நீலத்தில், ஒரே கதவோடு, லூர்துக்கனியின் தோள் உயரத்துக்கு இருந்தது. சொகுசுக்காக வாங்கியதில்லை. அவள் புருஷன் வியாகப்பனுக்குச் சர்க்கரை முற்றி, காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட வேண்டும், மருந்து குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கதவுக்குள் முட்டை வைக்கிற குழிகளில் எங்கள் யார் வீட்டிலும் இருந்திருந்தால் முட்டை இருந்திருக்கும். அவள் வீட்டில் இரண்டு சின்ன மருந்துக் குப்பிகள் நின்றன, ஒவ்வொன்றிலும் மருந்தாளுநர் பேனாவால் எழுதிய ‘வியாகப்பன்’ என்ற பெயரோடு. வண்டியிலிருந்து இறக்கிய அன்று, புது வீட்டுக்குள் முதலில் உப்பைக் கொண்டுபோகிற வழக்கப்படி, அவள் ஃப்ரிட்ஜுக்குள்ளும் முதலில் ஒரு கை உப்பை வைத்துத்தான் மூடினாள். அதில் தப்பு ஒன்றும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை, வேறு யார் வாங்கியிருந்தாலும் அதையேதான் செய்திருப்போம்.

ஒழுகுகிறது என்றதும், மறுநாள் புதன்கிழமை, ஆறுமுகநேரி சாலையில் கடை வைத்திருந்த மெக்கானிக் சேர்மத்துரைக்கு ஆள் போனது. முப்பது வயதுக்காரன், ஒல்லி, எதையும் பாதியில் விடத் தெரியாதவன். ஒரு மின்விசிறியைக் கொடுத்தால் அது ஏன் நின்றது என்று மட்டுமல்லாமல் இத்தனை வருஷம் ஏன் ஓடியது என்றும் யோசிக்கிற ஜாதி. வந்தவன் முதலில் கதவு ரப்பரைப் பார்த்தான். கோயில் திருவிழா நோட்டீஸ் ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தான், நான்கு பக்கமும் இறுக்கிப் பிடித்தது, காற்றுப் போக வழியில்லை. கொதிக்கக் கொதிக்கக் குழம்பை உள்ளே வைக்கிறாயா அக்கா என்று கேட்டான், இந்த வீட்டில் குழம்பு ஆறுவதற்குள் தீர்ந்துவிடும் என்றாள். ஃப்ரிட்ஜ் முன்பக்கம் சாய்ந்து நிற்கிறதோ என்று முன்னங்கால்களுக்கடியில் இரண்டு மரச்சில்லு வைத்து, கதவைத் திறந்துவிட்டால் அதுவே மூடிக்கொள்ளும்படி செய்தான். பின்னால், மோட்டாருக்கு மேலே தண்ணீர் விழுந்து வற்றுகிற தட்டைக் கழற்றிப் பார்த்தான், சுக்காய்க் காய்ந்து கிடந்தது, ஒரு செபமாலை மணி மட்டும் இருந்தது. கடைசியாக உள்ளே பின்சுவரின் அடியில், உருகிய நீர் இறங்கிப் போகிற துவாரத்தில் சைக்கிள் கம்பியை விட்டுக் குடைந்து வெந்நீர் ஊற்றினான், குடுகுடுவென்று இறங்கியது. நூற்றுக்குத் தொண்ணூறு ஃப்ரிட்ஜ் ஒழுகுவது இந்த ஓட்டை அடைத்துத்தான் அக்கா, உங்களுது அந்தப் பத்தில் ஒன்று போலிருக்கு என்று சொல்லிவிட்டு அவன் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நாலு மணிக்கு, மறுபடியும் தண்ணீர் சொட்டியது.

சேர்மத்துரை டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தலையை உள்ளே விட்டான். கதவைத் தன் முதுகோடு சேர்த்து எவ்வளவு மூட முடியுமோ அவ்வளவு மூடச் சொன்னான். கால்மணி நேரம் அப்படியே இருந்தான். லூர்துக்கனி பாதி மெக்கானிக்கைப் பார்த்தபடி நின்றாள். தலையை வெளியே எடுத்தபோது முடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது.

“அக்கா, லீக் எங்கயும் இல்ல. உள்ள மழை பெய்யுது.”

அவள் அடுப்பைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “எப்ப விடும்?” என்றாள்.

“லேசாத்தான் தூறுது. விட்டுரும்.”

ஐஸ் பெட்டிக்கு அடியில், உள்ளங்கை அகலத்தில், அடுப்புப் புகை நிறத்தில் ஒரு மேகம் இருந்தது. மேல் தட்டின் கம்பிகளில் படாமல் சற்று இறங்கி நின்றுகொண்டு, பால் பாத்திரத்தின் மேலும் கத்தரிக்காயின் மேலும் ஒழுங்காகப் பெய்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் வெளுத்துப் போய்க் காணாமல் போனது. அன்றைய கூலியைச் சேர்மத்துரை வாங்கவில்லை. தான் எதையும் சரி பண்ணவில்லையே என்றான்.

செவ்வாய்க்கு இரண்டு நாள் கழித்து வியாழக்கிழமை நாலு மணிக்கு உப்பளத்தில் மழை பெய்தது, மறுநாள் வெள்ளிக்கிழமையும் பெய்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஃப்ரிட்ஜில், ஞாயிற்றுக்கிழமை உப்பளத்தில். இதை முதலில் கோர்த்துப் பார்த்தவர் வியாகப்பன்தான். கால் முடியாமல் வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்த அவருக்கு அந்த மழையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பொழுதுபோக்கு. இருபத்திரண்டு வருஷம் மழையைத் திட்டியே பழகிய மனுஷர், ஸ்டூலைப் போட்டு ஃப்ரிட்ஜ் முன்னால் உட்கார்ந்து, கதவை ஒரு சாண் திறந்து, ஒரு விரலை நீட்டி நனைத்துக்கொண்டு, வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் பெய்தால் இது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பெண்டாட்டியிடம் சொல்லிக்கொண்டிருப்பார். ஒருநாள் அவர் கங்காணி கோயில்பிச்சையைக் கூப்பிட்டுவிட்டு, நாளை மறுநாள் மழை இருக்கிறது, முடிந்தவரை வாரிவிடுங்கள் என்றார். கோயில்பிச்சை சிரித்தார். நாளை மறுநாள் அவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு ஃப்ரிட்ஜைச் சுற்றி ஒரு நடைமுறை தானாக உண்டாகிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சிலேட்டு வந்து லூர்துக்கனி வீட்டு வாசல் ஆணியில் தொங்கியது. மழை பெய்த கிழமையும் எத்தனை விரல் தண்ணீர் என்பதும் அதில் எழுதப்பட்டன. காய்கறி டப்பாவில் ஒரு விரல் என்றால் உப்பளத்தில் தூறல், பாத்தியைத் தொட வேண்டாம். இரண்டு விரல் என்றால் விளைந்த பாத்தியை மட்டும் வாரினால் போதும். மூன்று விரல் என்றால் கல்யாண வீட்டுக்குப் போனவர்களையும் கூப்பிட வேண்டும். டப்பாவின் வலது பக்கம் கூடுதலாக நின்றால் மழை கடல் பக்கத்திலிருந்து வரும், இடது பக்கம் என்றால் மேற்கே. ஆள் ஆளுக்குக் கதவைத் திறந்து பார்க்கக்கூடாது, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, அதுவும் கோயில்பிச்சை திறந்தால் போதும் என்று ஞாயிறு பூசைக்குப் பிறகு கூட்டம் போட்டு முடிவு செய்தோம். அந்த வீட்டுக்காரியிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவளும் அந்தக் கூட்டத்தில்தான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

கருவாடு காய வைக்கிறவர்கள் வந்தார்கள், வடகம் போடுகிறவர்கள் வந்தார்கள், பெண் வீட்டுக்காரர்கள் பந்தல் ஓலையா தகரமா என்று கேட்க வந்தார்கள். வருகிறவர்கள் வெறுங்கையாக வரக்கூடாது என்று ஆளுக்கொரு தக்காளியோ ஒரு கட்டுக் கீரையோ கொண்டுவந்து ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார்கள். முட்டைக்குழியிலும் கத்தரிக்காய் ஏறியது. சாமியார் ஒருமுறை வந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கெட்ட ஆவி என்றால் பூசை நேரம் பார்த்துப் பெய்திருக்கும், இது ஒதுங்கி நிற்கிறது, ஆகையால் பாதகமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். வைகாசி முடிவதற்குள் ஐந்து மழை வந்தது. ஐந்திலும் எங்கள் உப்பு ஒரு படிகூடக் கரையவில்லை. பக்கத்து அளங்களில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது நாங்கள் அம்பாரத்தில் தார்ப்பாய் போட்டு மூடி, மேலே ஏறி நின்று மழையை வேடிக்கை பார்த்தோம். எங்கள் வாழ்நாளில் அப்படி நின்றதில்லை. அந்தத் திமிரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

ஏன் என்று கேட்டவன் சேர்மத்துரை ஒருவன்தான். நாங்களெல்லாம் எப்போது என்றே கேட்டுக்கொண்டிருந்தோம். அவன் வாரம் ஒருமுறை சைக்கிளில் வந்து ஏதாவது ஒன்றை மாற்றிவிட்டுப் போவான். பிளக்கை மாற்றினான், உள்விளக்கை மாற்றினான், ஃப்ரிட்ஜையே அடுக்களையிலிருந்து முன்னறைக்கு நகர்த்திப் பார்த்தான். மழை விட்டுப்போகவில்லை, முன்னறையில் பெய்தது, திரும்ப அடுக்களைக்கே தள்ளிவைத்தான். முதன்முதலில் உள்ளே என்ன வைத்தீர்கள் என்று விசாரித்து, ‘உப்பு’ என்று தன் நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டான். அது எப்படியோ வெளியே தெரிந்து, அந்த வாரம் காலனியில் டிரங்குப் பெட்டி, அரிசிப் பானை, ஓடாத சுவர்க்கடிகாரம் என்று மூடி இருக்கிற எல்லாவற்றுக்குள்ளும் ஒரு கை உப்பை வைத்து மூடித் திறந்து பார்த்தோம். எதிலும் ஒன்றும் பெய்யவில்லை. கடிகாரம் மட்டும் இரண்டு நாள் ஓடியது. அவனுக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது, அதை யாரிடமும் சத்தமாகக் கேட்க அவனுக்குத் துணிச்சல் இல்லை: பெய்கிறபோது ஃப்ரிட்ஜை நிறுத்திவிட்டால் வானத்தில் பெய்ய வேண்டியது பெய்யுமா, பெய்யாதா?

லூர்துக்கனிக்கு இருந்த கவலை வேறு. பெய்கிற நாளில் குப்பிகள் நனைந்தன. எழுத்து கரைந்து ‘வியாகப்பன்’ முதலில் ‘வியா’ ஆகி அப்புறம் வெறும் நீலக் கறையானது. அதோடு கூட்டத்தில் முடிவு செய்ததையும் மீறி நாங்கள் திறந்து திறந்து பார்த்ததில் குளிர்ச்சியும் நிற்கவில்லை, ரப்பர் மூடியில் ஈரம் ஊறியது, மருந்து கெட்டுவிடும் என்று அவள் பயந்தாள். சேர்மத்துரையைக் கூப்பிட்டு, இதைச் சரிபண்ண வழி இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றான். கரண்டை நிறுத்தி, கதவைத் திறந்து போட்டு, இரண்டு நாள் நன்றாக உலரவிட்டால் மேகம் தங்காது என்று நினைக்கிறேன் என்றான். அன்று சாயங்காலமே விஷயம் காலனி முழுக்கத் தெரிந்துவிட்டது, நாங்கள் அத்தனை பேரும் அவள் வாசலில் நின்றோம். கோயில்பிச்சை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பேசினார்.

“சீசன் முடியட்டும் தாயி. புரட்டாசி வரைக்கும் பொறு. மருந்த நாங்க பாத்துக்கிடுதோம்.”

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். வியாகப்பன், இவர்கள் நம்மை விட்டு எங்கே போய்விடுவார்கள், சொல்கிறபடி செய் என்றார். அவருக்கு அந்த மழை மேல் பிரியம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

சொன்ன சொல்லை நாங்கள் காப்பாற்றினோம். பங்கு வீட்டில் ஒரு ஃப்ரிட்ஜ் இருந்தது, ஆனால் அது இரண்டு மைல் தள்ளி. காலை ஐந்தரைக்கு ஊசி போட வேண்டியவருக்கு அது தோதுப்படாது. ஆகவே கோயில்பிச்சை மீன் ஏற்றுகிற தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். துறைமுகத்து ஐஸ் கம்பெனியிலிருந்து தினம் ஒரு வீட்டுக்காரர் முறை வைத்து ஐஸ் கொண்டுவந்து உடைத்துப் போட்டார்கள். ஐஸ் சீக்கிரம் உருகிவிடுகிறதே, மருந்துக்குக் குளிர் போதுமா என்ற யோசனை வந்தபோது, எங்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். எதைக் கெடாமல் வைக்க வேண்டுமோ அதில் உப்பைப் போடுவோம். மாங்காயோ மீனோ தோலோ, உப்பில் கிடந்தால் பிழைத்துக்கொள்ளும். அறுபது வீட்டிலிருந்தும், விற்பனைக்கில்லாமல் வீட்டுக்கென்று எடுத்து வைத்த முதல் வாரல் உப்பிலிருந்து, வெள்ளை வெளேரென்று ஒவ்வொரு கை வந்தது. வியாகப்பனுக்குத்தானே என்று குழந்தை பெற்று நாற்பது நாள் ஆகாதவள்கூடக் கொடுத்தனுப்பினாள். உப்புப் போட்டதும் பெட்டி இன்னும் சில்லென்று ஆனது, விரல் வைத்தால் மரத்தது. எங்களுக்குப் பெருமையாக இருந்தது. குப்பிகளைத் துணியில் சுற்றி, குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் அதன் நடுவில் வைத்தோம்.

ஆனி மாதம் வியாகப்பனுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரியில் மருந்தின் அளவைக் கூட்டினார்கள், அப்படியும் ஏறியது. எப்போதோ உப்புக் கல் கிழித்து ஆறியிருந்த இடது கால் புண் மறுபடியும் வாயைத் திறந்தது. மனுஷர் ஓயாமல் தண்ணீர் குடித்தார், ஃப்ரிட்ஜ் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். பண்டம் எதுவும் திருட்டுத்தனமாகத் தின்கிறாரா என்று நர்ஸ் கேட்டபோது லூர்துக்கனி ஆத்திரப்பட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து அவர் தலையணைக்கு அடியில் தேடினாள். தேடியதை எங்களிடம் அவளே பிறகு சொல்லி அழுதாள். ஆடி முதல் வாரம் இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். ரெண்டு விரல் குறைந்தால் செருப்பு விலை குறையுமா என்று டாக்டரிடம் கேட்டாராம். அதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம், யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

சேர்மத்துரை அப்போது ஃப்ரிட்ஜை விட்டுவிட்டு இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டான். ஒழுகலுக்குப் பார்த்த மாதிரியே ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஊசி சரியாக இருந்தது, அளவும் நேரமும் சரியாக இருந்தன, அவள் கை நடுங்கவில்லை. மிச்சம் இருந்தது பெட்டி. காலியான குப்பி ஒன்றில் தண்ணீர் நிரப்பி, காலையில் ஐஸ் போடும்போது மருந்தோடு சேர்த்து வைத்துவிட்டு, உச்சிவெயிலில் வந்து திறந்தான். நாங்களும் கூடி நின்றோம். குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தான். தண்ணீர் அசையவில்லை, கல்லாக இருந்தது.

“ஐஸுல யாரு உப்பு போட்டது?”

நாங்கள்தான் என்றோம், நாலைந்து குரல் ஒரே நேரத்தில், இன்னும் அந்தப் பழைய பெருமையோடு.

குல்பி ஐஸ்காரன் தன் பானையில் உப்பு போடுவது எதற்கு என்று அவன் எங்களைக் கேட்டான். வெறும் ஐஸ் குளிரவைக்கும், உப்பு போட்ட ஐஸ் உறையவைக்கும் என்றான். உச்சியில் உறைந்து, ஊசி போடுகிற நேரத்துக்குள் உருகிவிடுகிற இன்சுலின் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது, இத்தனை நாள் அவர் உடம்பில் ஏற்றியது வெறும் தண்ணீர் மாதிரிதான் என்றான். கோபமாகச் சொல்லவில்லை, ஒரு விடையைக் கண்டுபிடித்தவன் குரலில் சொன்னான், சொல்லி முடித்த பிறகுதான் எங்கள் முகங்களைப் பார்த்தான். லூர்துக்கனி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எத்தன நாளா?” என்றாள்.

“முப்பத்தி நாலு நாளா” என்றார் கோயில்பிச்சை. எந்த வீடு எந்த நாள் ஐஸ் கொண்டுவந்தது என்பது அவருக்கு மனப்பாடம்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அன்றிலிருந்து அவள் கோயில்பிச்சையிடம் பேசுவதை நிறுத்தினாள், அவர் வருகிற வழியில் எதிரே வந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு ஒதுங்கிப் போனாள்.

வியாகப்பன் கட்டுப்போட்ட காலோடு வீட்டுக்கு வந்த செவ்வாய்க்கிழமை, அவள் கையில் புதுக் குப்பிகள் இரண்டு இருந்தன. சேர்மத்துரை பெரிய மண்பானைக்குள் ஈர மணலைப் போட்டு, அதற்குள் ஒரு சின்னப் பானையைப் பதித்து, மருந்துக்கு இரண்டு நாள் தங்க இடம் பண்ணியிருந்தான். அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது ஃப்ரிட்ஜில் மழை பெய்துகொண்டிருந்தது. அப்படி ஒரு மழையை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. கதவு மூடியிருந்தும் உள்ளே இடி குமுறுவது வாசல்வரை கேட்டது, காய்கறி டப்பா நிரம்பி வழிந்து தரையெல்லாம் ஓடியது. ஐந்து விரல், ஆறு விரல், கணக்கே இல்லை. வெளியே வானம் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. நாற்பது பாத்தியில் ஆடி வெயிலின் உப்பு முழுக்க விளைந்து கிடந்தது. வாசலில் அறுபது வீடும் நின்றோம். கடைசியில் கோயில்பிச்சைதான் தரையைப் பார்த்துக்கொண்டு, நிறுத்திவிடு தாயி என்றார்.

நிறுத்தினால் இனி மழை எப்போது வரும் என்று தெரியாது. வருகிற மழை நின்றாலும் நிற்கும், இரண்டு மடங்காக வந்தாலும் வரும், யாருக்குத் தெரியும். அது தெரிந்துதான் சொன்னார்.

லூர்துக்கனி அவரைப் பார்க்காமல் எங்கள் எல்லோரையும் பொதுவாகப் பார்த்தாள். “எல்லாரும் பாத்தாச்சா? எத்தன வெரலுன்னு எழுதியாச்சா?”

எழுதியாச்சு என்றோம்.

“அப்பம் போயி வாருங்க. நின்னுக்கிட்டே இருந்தா உப்பு தானா வரப்புல ஏறுமா?”

அவள் பிளக்கைப் பிடுங்கிக் கதவை அகலத் திறந்தாள். சேர்மத்துரை ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்தான். மேகம் உடனே வரவில்லை. பழகிய இடத்தை விட்டு வர மனமில்லாததுபோல் ஃப்ரிட்ஜின் விளிம்பில் தயங்கி, அப்புறம் மெல்ல வெளியே வந்து, டியூப்லைட் பக்கம் போய், அடுக்களையில் கால்மணி நேரம் பெய்தது. வியாகப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தி நனைந்தார், கட்டுப்போட்ட காலை மட்டும் அவள் ஒரு தாம்பாளத்தால் மூடிக்கொண்டு நின்றாள். பிறகு அது ஜன்னல் கம்பி வழியாகப் போய் முருங்கைமரத்துக்கு மேலே வெளுத்து மறைந்தது. அது எந்தத் திசையில் போனது என்று பார்க்க நாங்கள் அங்கே இல்லை, பாத்தியில் குனிந்திருந்தோம்.

இரண்டு நாள் வாரினோம். பள்ளிக்கூடப் பிள்ளைகளிலிருந்து சாமியாரின் சமையல்காரர்வரை பலகை பிடித்தார்கள். வியாழன் நாலு மணிக்கு இருபத்தெட்டு பாத்தி முடிந்திருந்தது, பன்னிரண்டு மிச்சம். எல்லோரும் நிமிர்ந்து மேலே பார்த்தோம். சேர்மத்துரை வரப்பில் நோட்டோடு நின்றான். நாலு மணி ஐந்து நிமிஷத்துக்குக் கடல் பக்கத்திலிருந்து அது வந்தது, சிலேட்டில் எழுதியபடியே, ஒரு விரல்கூடக் குறையாமல். ஃப்ரிட்ஜ் மழையைச் செய்யவில்லை, அதற்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அவன் அதை எழுதிக்கொள்ள முயன்றான், பென்சில் நனைந்த தாளில் ஓடவில்லை. பன்னிரண்டு பாத்தி கரைந்தது. யாரும் தலையில் கை வைக்கவில்லை. எங்களுக்கு வர வேண்டியது வந்தது என்று நினைத்தோம், சிலர் வாய்விட்டுச் சொல்லவும் செய்தோம்.

மீதிச் சீசனில் இரண்டு மழை சொல்லாமல் வந்தது. எங்கள் உப்பும் மற்றவர்கள் உப்புபோல் கரைந்தது, எங்களுக்கும் பழையபடி வானத்தைத் திட்ட வந்துவிட்டது. சிலேட்டு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனது. வியாகப்பனின் சர்க்கரை இறங்கியது. முட்டைக்குழியில் குப்பிகள் மட்டும் நின்றன. கோயில்பிச்சையிடம் அவள் பேசவே இல்லை. அவர் ஞாயிறுதோறும் பூசைக்குப் பிறகு வியாகப்பனுக்கு வெற்றிலை கொண்டுவந்து வாசலோடு கொடுத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் திரும்பிப் போவார்.

அடுத்த மாசியில், உப்பு முதல் தடவை விளைந்து கிடந்த ஒரு செவ்வாய்க்கிழமை, நாலு மணிக்கு, லூர்துக்கனி வீட்டு அடுக்களைத் தரையில் தண்ணீர் நின்றது. அவள் யாரிடமும் சொல்லவில்லை, துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள். எப்படித் தெரிந்ததோ, பத்து நிமிஷத்தில் வாசலில் நாங்கள் இருந்தோம். மழையா என்ற கேள்வி எல்லோர் நாக்கு நுனியிலும் இருந்தது. எவரும் கேட்கவில்லை. அவள் எங்களைப் பார்த்துவிட்டு மறுபடியும் துடைத்தாள்.

கோயில்பிச்சை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் சைக்கிள் கம்பி இருந்தது, சேர்மத்துரை அதன் நுனியை வளைத்துக் கொடுத்தது. படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத்தரையில் முழங்கால் போட்டு, ஃப்ரிட்ஜைத் திறந்தார். தலையைக் கொஞ்சம் தூக்கினால் ஐஸ் பெட்டிக்கு அடியில் இருப்பது தெரியும். அந்த நாற்பது பாத்தியும் அவர் பொறுப்பு. அவர் தூக்கவில்லை. கண்ணைத் தாழ்த்தியபடியே டப்பாவை எடுத்து வைத்துவிட்டு, பின்சுவரில் தடவித் துவாரத்தைக் கண்டுபிடித்து, கம்பியை விட்டுப் பொறுமையாகக் குடைந்தார். வெந்நீர் கேட்டார். அவள் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். மூன்றாம் தடவை குடைந்தபோது கருத்துப்போன கொத்தமல்லித் தண்டு ஒன்று கம்பியோடு வந்தது, தேங்கி நின்ற தண்ணீர் குடுகுடுவென்று இறங்கிப் போனது. வெறும் ஒழுகல்தான். எங்களில் சிலர் பெருமூச்சு விட்டோம், அது நிம்மதியா ஏமாற்றமா என்று எங்களுக்கே தெரியவில்லை.

அவர் தலையைக் குனிந்தபடியே எழுந்திருக்கப் போனார். ஏழு மாதத்துக்குப் பிறகு லூர்துக்கனி அவரிடம் பேசினாள்.

“அண்ணாச்சி, நிமிந்து பாத்துக்கிடுங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஐஸ் பெட்டிக்கு அடியைப் பார்க்கவில்லை, நேராகக் கதவுப் பக்கம் திரும்பினார். முட்டைக்குழியில் நின்ற குப்பிகளில் ஒன்றை எடுத்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், மேலே எழுதியிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார், பின்பு பெருவிரலால் எழுத்தின் மேல் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார்.

“நனையல தாயி” என்றார்.

அவள் ஈரத்துணியைப் பிழிந்து போட்டுவிட்டு, அவருக்கும் சேர்த்துத் தேயிலைக்குத் தண்ணீர் வைத்தாள்.